வசூல்காரியின் சம்பளம்

அபர்டீனில் நான் போகிற வீடுகளிலெல்லாம் தேநீர் தருகிறார்கள். நன்கொடை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தே தருகிறார்கள். பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்து, பக்கத்தில் பிஸ்கட்டும் வைக்கிறார்கள். ஆறு வருடமாகியும் என் கை அந்தக் கோப்பையை நோக்கிப் போவதில்லை. போன கோடையில் மார்கரெட் என்ற மூதாட்டி, ஆறிப்போன தேநீரைப் பார்த்து முகம் வாடிவிட்டார். வசூலுக்குப் போகிற இடத்தில் நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, அது எங்கள் ஊர் வழக்கம் என்று விளக்கினேன். அவருக்கு அது விரதமாகப் புரிந்தது. பிஸ்கட்டுகளை வெள்ளித்தாளில் சுற்றி என் பையில் வைத்து, "பொழுது சாய்ந்ததும் சாப்பிடு" என்றார். இங்கே கோடையில் பொழுது சாய இரவு பத்து மணியாகும் என்பது வேறு விஷயம்.

என் வேலை இதுதான். குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம், ஹாஸ்பிஸ் என்பார்கள். அதற்கு நிதி திரட்டுகிறேன். அடையாள அட்டையில் ஃபண்ட்ரெய்ஸர் என்று அச்சிட்டிருக்கிறது. தூத்துக்குடித் தமிழில் சொன்னால் வசூல்காரி. என் அப்பாவும் வசூல்காரர்தான். துறைமுகம் போகிற சாலையில் எங்களுக்குத் தார்ப்பாய்க் கடை. உப்பு லாரிக்கும் நிலக்கரி லாரிக்கும் மேலே போர்த்துகிற தார்ப்பாய். ஆனால் ஊரில் அப்பாவுக்குப் பேர் வாங்கித் தந்தது தார்ப்பாய் அல்ல, எங்கள் சமூகத்தார் சேர்ந்து நடத்துகிற உறவின்முறைப் பள்ளிக்கூடம். வகுப்பறை, கழிப்பறை, ஆய்வகம், எது கட்டினாலும் வெள்ளை வேட்டியில் நாலு பேர் கிளம்புவார்கள், நடுவில் அப்பா. கயத்தாறு, கோவில்பட்டி என்று கடை கடையாக ஏறுவார்கள். முதல் தொகையை அப்பா போட்டிருப்பார். எந்தக் கடையிலும் ஒரு சோடாகூடக் குடிக்கமாட்டார், பஸ் காசும் கைக்காசு. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்' என்று ஊர் சொல்லிவைத்திருக்கிறதே, அந்தச் சொல்லுக்குப் பயந்த மனிதர். அப்படிப்பட்டவருடைய மகள் வசூலுக்கு மாதச் சம்பளம் வாங்குகிறாள்! கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "மக ஆஸ்பத்திரியில வேலை பாக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். ஒவ்வொரு முறையும் எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

ஊர்த் தம்பி தங்கைகளே, நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள், 'அக்கா, அந்த வேலைக்கு என்ன தருவாங்க?' என்று. ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு ஆரம்பத்தில் தந்தது, இங்கே புதிதாகச் சேரும் பள்ளி ஆசிரியர் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. நாலைந்து வருடத்தில் அவரை எட்டிப் பிடித்தேன். ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றால் அதற்கும் மேலே போகலாம். மென்பொருள்காரர்களோடு போட்டி போட முடியாது, சொந்த வீட்டுக்கு அவசரப்படவும் முடியாது. ஆனால் வேலைக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனை, பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், கடலில் தவிப்பவர்களை மீட்கிற படகு, எல்லாவற்றுக்கும் யாராவது போய்க் கேட்டாக வேண்டும். பணம் என்ற பேச்சை எடுக்கவே கூசுகிறவர்கள் இங்கே ஏராளம். நம் பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வசூலில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்டால் இங்கேயும் முகம் சுளிப்பார்கள். தேன் எவ்வளவு எடுத்தாலும் கூலி ஒன்றுதான். இதை அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சரிதாம்மா" என்பார். அந்தச் சரியில் சம்மதம் இருக்காது.

இந்த நிலையில் எங்கள் குழுத் தலைவி வேறு ஊருக்குப் போக, அந்த இடம் காலியானது. மேலாளர் ஃபியோனா என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: எதிர்பார்க்கும் சம்பளம். முன்பின் தெரியாதவரிடம் போய் ஒரு நோயாளி அறையின் முழுச் செலவையும் கூசாமல் கேட்கிறவள், அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே வாங்குவதையே எழுதிக் கொடுத்தேன். எனக்கு அந்தப் பதவியில் விருப்பமில்லை, மரியாதைக்காக விண்ணப்பித்திருக்கிறேன் என்று ஃபியோனா நினைத்துக்கொண்டார். "கட்டாயமில்லை, மறுப்பதானால் நேராகவே சொல்லலாம்" என்றார். எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ, வேண்டும், ரொம்ப வேண்டும்" என்றேன். "அப்படியானால் திங்கட்கிழமைக்குள் திருத்திக் கொடுங்கள். தனக்காகக் கேட்கத் தெரியாதவர் கேட்கிற குழுவை எப்படி நடத்துவார் என்று நேர்காணலில் யோசிப்பார்கள்" என்றார். நியாயம்தான். மழையிலும் பனியிலும் ஆறு வருடம் வீடு வீடாகப் படியேறியவள் நான். அந்தப் பதவி எனக்குத்தான் வரவேண்டும். ஆனால் பேனாவை எடுத்தால் அப்பாவின் வெள்ளை வேட்டி குறுக்கே வந்து நின்றது.

ஞாயிறு மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், அப்பாவும் அம்மாவும் கடையில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏளா, உள்ள சம்பளம் காணாதா உனக்கு?" என்றார் அப்பா. "நோயாளிக்குன்னு குடுத்த காசு. அதுல போயி கூடக் கேக்கணுமாக்கும்? நான் முப்பது வருசம் அலைஞ்சேன். ஒரு டீக்காசு எடுத்திருப்பேனா?"

அவருக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவருக்குத் தார்ப்பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அம்மா, அதை அப்படியே கீழே போட்டாள்.

"எடுக்கலதான், யாரு இல்லன்னா? நீங்க கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் போன அன்னைக்கெல்லாம் இந்தக் கடையில யாரு இருந்தா? இவளையும் இடுப்புல வச்சிக்கிட்டு, லாரிக்காரங்ககூட மல்லுக்கு நின்னு, தார்ப்பாய் மடிச்சது யாரு? கடை பூட்டியா கெடந்துச்சி?"

"அதுக்கு இப்ப என்ன?" என்றார் அப்பா.

"என்னவா? நல்லா இருக்கே கதை! உங்க வசூலுக்குச் சம்பளம் குடுத்தவ நான். முப்பது வருசமா குடுத்திருக்கேன். பள்ளிக்கூடத்துக் கல்வெட்டுல எம்பேரு இருக்கா? அவளுக்கு அங்க கடையும் இல்ல, கடையில உக்கார ஆளும் இல்ல. சம்பளம் வாங்காம எதைத் திம்பா? ஏளா செல்வி, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போயி கேளு."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் பெயர் பொறித்த கல்லை எத்தனை முறை பெருமையாகத் தடவியிருப்பேன்! அவர் ஊர் ஊராகப் போக முடிந்ததே அம்மா கடையில் நின்றதால்தான் என்பது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில், தலைவி பதவிக்குரிய சம்பளத்தின் மேல் வரம்பை எழுதினேன். நேர்காணலில் ஏன் இவ்வளவு என்றார்கள். "சம்பளம் இல்லாமல் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார் என்றால், அவர் வீட்டில் வேறு யாரோ அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். என்ன புரிந்ததோ, ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்துத்தான் தந்தார்கள், பரவாயில்லை.

மூன்று வாரம் போனது. நேற்று அப்பாவே கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு மாடி எழுப்பப்போகிறார்களாம். நாலு வேட்டிக்காரர்களுக்கும் இப்போது முழங்கால் வலி.

"படிச்ச பிள்ளை ஒண்ணை வசூல் வேலைக்கு வைப்போம், மாசச் சம்பளம் போட்டுன்னு கமிட்டியில சொன்னேன். எல்லாவனும் என்னைய ஒரு மாதிரி பாக்கானுவ. எம்மக அங்க அந்த வேலைதாம்ல பாக்கா, வசூல் பண்ணித்தான் சம்பளம் வாங்குதான்னு சொல்லிட்டேன். இங்கன அதுக்கு எவ்வளவு குடுக்கலாம்? நீதான் சொல்லணும்."

கமிட்டியில் சொல்லிவிட்டார்! ஆனால் எவ்வளவு என்று சொல்வது? அபர்டீனில் எந்தப் பதவிக்கு எவ்வளவு என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூத்துக்குடியில் ஒரு பிள்ளை மானமாக ஒரு மாதம் வாழ என்ன வேண்டும் என்பது தெரியவில்லை. வாடகையும் அரிசியும் பஸ் டிக்கெட்டும் ஆறு வருடத்துக்கு முந்தைய விலையிலேயே என் தலைக்குள் நின்றுபோயிருந்தன.

"அவகிட்ட ஏன் கேக்கிய? இங்கத்த நெலவரம் அவளுக்கு என்ன தெரியும்? என்னையக் கேளுங்க" என்று பின்னாலிருந்து அம்மா ஒரு தொகையைச் சொன்னாள்.

அது அங்கே அதிகமா குறைவா, சத்தியமாக எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தனக்கென்று எதுவும் கேட்டுப் பழகாதவள் சொன்ன தொகை என்பது மட்டும் தெரியும்.

"பத்தாதும்மா," என்றேன். "அதுக்கும் மேல சொல்லு."