கயிறு இல்லாத படகு

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் படகுத்துறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இரட்டை முடிச்சு' என்றால்தான் தெரியும். படகோட்டி. முப்பது வருஷத்தில் அவர் இரட்டை முடிச்சுப் போட்டுக் கரையில் கட்டிய படகு ஒரு சாண்கூட நகர்ந்ததில்லை என்பது அவரே ஊரெல்லாம் பரப்பிய செய்தி. துறையில் சீட்டுக் கொடுக்கும் எனக்கு அது மனப்பாடம்.

போன மாதம் ஓர் ஓவியர் அம்மா ஒரு வாரம் எங்கள் படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்து, அந்தி நேரத்துத் துறையை வரைந்து காத்திருப்பு அறைக்குக் கொடுத்தார். கிட்டே போனால் வெறும் சாயத் திட்டுகள். பத்தடி தள்ளி நின்றால் ஆறு, படிகள், படகு எல்லாம் வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது. மாமாவுக்கோ வயிறு எரிந்தது. படத்தில் படகு இருக்கிறது, கயிறு இல்லை.

பார்க்கிறவன் என்ன நினைப்பான், மானம் போச்சே என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஒரே ஒரு கோடு போட்டுத் தரும்படி அந்த அம்மாவிடம் நடையாய் நடந்தார். கண்ணில் பட்டதைத்தான் வரைந்தேன் என்று அவர் முடித்துக்கொண்டார். மாமா விடுகிற ஆளா? படகுக்கு அடிக்கிற கறுப்புச் சாயத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறிவிட்டார். தடுக்க வேண்டிய நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கட்டியவராயிற்றே.

அப்போது அக்கா வந்தாள். தினமும் சாயங்காலம் படகில் தேங்கிய தண்ணீரை இறைப்பது அவள்தான், கையில் வாளி.

"படகுக்குப் பக்கத்துல செவப்பா ஒரு திட்டு இருக்கே, அது என்ன?"

ஏதோ மூட்டை என்றார் மாமா.

"மூட்டை இல்ல, நான். நீங்க கட்டாம அரட்டையடிக்கப் போயிட்டீங்க. நான் படகைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

மாமா நீட்டிய பிரஷைக் கீழே இறக்கினார். எனக்கும் இது புதுச் செய்தி. என் சீட்டு ஜன்னல் சாலைப் பக்கம் பார்த்தது, அங்கிருந்து படகு தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும்தானே என்று மாமா மெல்லக் கேட்டார்.

"எண்ணல" என்று சொல்லிவிட்டு அக்கா வாளியோடு போய்விட்டாள்.

முக்காலியிலிருந்து இறங்க மாமாவுக்கு வெகுநேரமாயிற்று. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை நான் மறைக்கவில்லை.

மறுநாள் பயணி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கயிறு எங்கே என்று கேட்டார். மாமா எழுந்து போய் அந்தச் சிவப்புத் திட்டைக் காட்டினார்.

"கயிறு எதுக்கு? அதான் அவ நிக்கிறாளே."