மாதிரிக் கோப்பில் அக்காவின் எண்

தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, காசு வாங்காமல் மென்பொருள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிடுகிற பிழைக்கத் தெரியாத கூட்டம் எங்களுடையது. அப்படிச் செய்ததுதான் மோட்டார் பெட்டி. உள்ளே ஒரு சிம் இருக்கும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, வயல்காரருக்கு போன் போட்டுச் சொல்லும்.

குரல் என் அக்காவுடையது. ஒரத்தநாட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். "மெஷின் குரல்ல சொன்னா எவன்டா எழுந்து போவான்? வீட்டுக்காரி கூப்புடுற மாதிரி இருக்கணும்" என்றாள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிக் கொடுத்தாள். மேட்டு வயல், பள்ளத்து வயல், கோயில் வயல் என்று பெயர்கள் தனித்தனியாக. பிறகு, "மோட்டார் நின்னுடுச்சு. தண்ணி வரலை. வந்து பாருங்க." பேசுமுன் அவள் மூச்சு இழுப்பதும் பதிவாகியிருந்தது. அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தோம்.

வயல் பெயரையும் போன் எண்ணையும் அவரவர் நிரப்பிக்கொள்ள ஒரு மாதிரிக் கோப்பு உண்டு. அதில் பெயர் காலி. எண், சோதனைக்காகப் போட்ட அக்காவின் எண். மேலே 'மாற்றிக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தோம். எங்கள் உலகத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

போன மாசியில் அக்கா இறந்துபோனாள். அவள் போனை அத்தான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் செய்து, சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். அத்தான் பொழுது சாயும் நேரங்களில் டார்ச்சோடு வரப்பு வரப்பாக அலைகிறாராம். முந்தின நாள் வாய்க்காலில் விழுந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறாராம். அவர்கள் நிலம் குத்தகைக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. சொந்தமாக மோட்டார்கூட இல்லை.

நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப்பை ஒலித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டார். முதலில் அந்த மூச்சு. பிறகு பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் மௌனம். "மோட்டார் நின்னுடுச்சு. தண்ணி வரலை. வந்து பாருங்க."

எங்கோ யாரோ கோப்பைத் திறந்தே பார்க்காமல் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து, இணையத்தில் கிடந்த மாதிரிக் கோப்பிலிருந்து எண்ணை நீக்கினேன். ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களின் பெட்டிகளில் அது இருக்கும். அவை எத்தனை, எந்த ஊரில் என்று எங்களுக்கே தெரியாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாதபடிதான் கொடுத்திருந்தோம்.

"அத்தான், அது பெட்டி. அக்கா இல்லைங்க. இந்த போன்ல இருக்கற சிம்மைக் கழற்றிடலாம்" என்றேன்.

"பெட்டின்னு எனக்குத் தெரியாதா மாப்ள? அவ பேசறப்ப நான்தானே பக்கத்துல ஃபேனை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்." சொல்லிக்கொண்டே வீங்கின காலைச் செருப்பில் நுழைத்தார். டார்ச்சைத் தட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் எங்க கிளம்புறீங்க?"

"வந்து பாருங்கன்னு சொல்றாளே, எப்படி உக்காந்திருக்கிறது?" வாசற்படியில் நின்று திரும்பினார். "எந்த வயல்னுதான் சொல்ல மாட்டேங்குறா. நீ எழுதினதுதானே மாப்ள, அதை மட்டும் சொல்லச் சொல்லேன்."