ஆடாம இருந்தா போதும்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசி மழையில் நடந்தது இது. பதுளை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. மிக்சி, ஃபேன், அயன், ரேடியோ என்று எது நின்றுபோனாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். எனக்கு வாய் பெரிசு, நெஞ்சு சின்னது என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை, அந்த மழைக்காலம் வரைக்கும்.

அன்று விடிந்ததிலிருந்தே தூறல். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. மதியத்துக்குப் பிறகு ஒரு பெண் வந்து, கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கறை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. கையில் உரப் பையில் சுற்றிய நீளமான ஒரு சாமான். குடைக்கம்பியோ என்னவோ என்று நினைத்தேன். பையைப் பிரித்தார். துவக்கு.

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன்.

"வெளாட்டுத் துவக்குதான் நானா," என்றார் அவசரமாக, முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. "பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடுறது. இப்ப அதுவும் சுடாது. குழல் ஆடுது, அத மட்டும் சரி பண்ணித் தாங்க."

விஷயம் இதுதான். அவருடைய கணவர் எல்லவில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை பார்த்தவர். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு பணக்காரப் பிள்ளை இதை உடைத்துப் போட்டுவிட்டுப் போக, அவர் மகளுக்கு விளையாட எடுத்து வந்திருக்கிறார். அசல் துவக்கு போலவே கனமாகச் செய்திருந்தார்கள். ஆனால் குழல் மட்டும் கிழவன் பல் மாதிரி ஆடியது. கணவர் போன வருஷம் மதில் இடிந்து விழுந்து இறந்துவிட்டார். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இவரும் மகளும் மட்டும்.

"சுடாத துவக்க சரி பண்ணி என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?"

"சுடத் தேவையில்ல. ஆடாம இருந்தா போதும். கொழுந்தன் குடிச்சிட்டு வந்து கதவத் தள்ளுறாரு. காம்பரா அவரோட அண்ணனுதாம், நாங்க வெளிய போகணுமாம். வாய் அதோட நிக்கிறதும் இல்ல. கதவுல தாழ்ப்பாள் இல்ல நானா, அவரு ஒதச்சுத்தான் ஒடஞ்சது. தூரத்துல இருந்து இத நீட்டினா பயப்படுவாருன்னு நெனச்சேன். ஆனா நீட்டினா குழல் தொங்குது."

முடியாது என்றுதான் சொன்னேன். தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு நாடே எங்கள் முஸ்லிம் ஆட்களைச் சந்தேகமாகப் பார்த்த ஒரு வருஷம் இருந்ததே, உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் யாரோ பழுது பார்க்கத் தந்த ஒரு பழைய வாக்கி டாக்கி என் கடையில் கிடந்தது. அதற்காக ஒரு பகல் முழுக்க என்னைப் பொலிஸில் உட்கார வைத்தார்கள். வாக்கி டாக்கிக்கே அந்தப் பாடு என்றால் துவக்கு? அது விளையாட்டுச் சாமான் என்று விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வருமா?

அவர் கெஞ்சவில்லை. சரி நானா என்று பையைச் சுற்றத் தொடங்கினார். மழை வலுத்துவிட்டதால் போக முடியாமல் அதே படியில் உட்கார்ந்தார். ஸ்டூலைக் காட்டினேன், வரவில்லை. பையின் வாயிலிருந்து குழல் வெளியே நீட்டி, அவர் அசையும் போதெல்லாம் டொக்கு டொக்கென்று ஆடிக்கொண்டிருந்தது.

என் வியாதியே அதுதான். ஆடுகிற சாமானைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இரக்கத்தால் செய்தேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். "இங்க கொண்டாங்க, என்னன்னு பாத்துட்டுத் தாறேன்," என்று வாங்கினேன். குழல் உள்ளே போய் உட்காருகிற பிளாஸ்டிக் வளையம் வெடித்திருந்தது, ஒரு ஸ்க்ரூவும் இல்லை. அவ்வளவுதான் வியாதி. சோடா டின் ஒன்றை வெட்டி, மெல்லிய பட்டையாக்கி, குழலின் அடியில் இறுக்கமாகச் சுற்றினேன். இரண்டு டியூப் பசையை நெருப்புக்குச்சியால் கலந்து வளையத்துக்குள் தடவினேன். குழலைத் திருகி இறக்கி, பழைய மிக்சி ஒன்றின் ஸ்க்ரூவைப் போட்டு, காய்வதற்காகக் குண்டு பல்புக்குக் கீழே வைத்தேன். அந்தப் பெண் படியில் இருந்தபடியே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பசை காய்ந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் மேல் கறுப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். யாரும் அதைக் கேட்கவில்லை. வேலை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்ற திமிர், வேறென்ன?

அவர் துவக்கைத் தூக்கிச் சுவரைப் பார்த்து நீட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முதல் தடவையாக முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மழையோடு மழையாகப் பசறை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவர் பெயரை நான் கேட்கவில்லை, என் பெயரை அவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்த வாடிக்கையாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "பசறைப் பக்கம் லயத்துல ஒரு பொம்பளைய துவக்கோட புடிச்சிருக்காங்களாம். அசல் மாதிரியே இருந்திச்சாம். யாரோ டவுன்ல வச்சுச் செஞ்சு குடுத்திருக்காங்கன்னு பேசிக்கிறாங்க."

அந்த ஃபேனை நான் எப்படிக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பெயின்ட் டின், பசை டியூப், வெட்டிய சோடா டின் மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. சந்தின் முனையில் எந்த ஜீப் திரும்பினாலும் ஷட்டருக்குப் பின்னால் போய் நின்றேன். என் பிள்ளைகளின் பெயர் பேப்பரில் வருவது வரைக்கும் கற்பனை ஓடியது. பிடிபட்டிருக்கிற அந்தப் பெண் சாப்பிட்டாரா, அவருடைய மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு தடவை கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் என் கடையைக் காட்டிவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன்.

ஜீப் வரவில்லை. யாருமே வரவில்லை. மழை விட்டு, பனி தொடங்கிய ஒரு காலையில் அவரே வந்தார். அதே படி. கையில் உரப் பை இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது.

நான் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன், அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"யாரும் இல்ல நானா. நான் மட்டுந்தான்."

உள்ளே வரச் சொன்னேன். அன்றைக்கும் வரவில்லை. நின்றபடியே சொன்னார். கொழுந்தன் குடித்துவிட்டு வந்து கதவைத் தள்ளியதும் துவக்கை நீட்டினாராம். ஆள் விழுந்தடித்து ஓடிவிட்டாராம். "ஒரு ராத்திரி நல்லா வேல செஞ்சிச்சு நானா. நானும் புள்ளையும் நிம்மதியாத் தூங்குனோம்." விடிந்ததும் கொழுந்தன் நேரே பொலிஸுக்குப் போய், அண்ணி துவக்கு வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். வந்து அழைத்துப் போனார்கள். விளையாட்டுச் சாமான் என்று அவர்களுக்குத் தெரிய நேரமாகவில்லையாம். ஆனாலும் இதை இப்படி அசல் மாதிரி யார் செய்து கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னீங்க?"

"நானேதான் ஒட்டினேன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பல. கொழுந்து பறிக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னாங்க. நீங்க செஞ்சதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே. சோடா டின்ன வெட்டிச் சுத்துனேன், ரெண்டு பசைய நெருப்புக்குச்சியால கலந்தேன், திருகி எறக்குனேன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். பல்புன்னு மட்டும் சொல்லல, எங்க காம்பராவுல அப்படிக் குண்டு பல்பு இல்ல. அடுப்புக்கிட்ட வச்சுக் காயவச்சேன்னு மாத்திக்கிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல. சாமான வச்சுக்கிட்டு, சாயங்காலமா அனுப்பிட்டாங்க."

அடித்தார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஃபைலின் பட்டனைப் போடுவதில் கவனமாக இருந்தார்.

காம்பராவில் இப்போது கொழுந்தன்தான் இருக்கிறாராம். மகளை ஹல்துமுல்லையில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறார். இவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். ஏஜென்சியில் வரச் சொன்னதால்தான் அன்று டவுனுக்கு வந்தது. அப்படியென்றால் என் கடைக்கு எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நீங்க பயந்துக்கிட்டே இருப்பீங்கன்னு தோணிச்சு. அதான், ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

நான் ஒரு டீயாவது சொல்லியிருக்கலாம். பெயரையாவது கேட்டிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்து முனையைக் கடந்து போய்விட்டார்.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "கதவுல தாழ்ப்பாள் இல்லன்னு மொதல் நாளே சொல்லியிருக்காவே, நீங்க ஒண்ணு கொண்டு போய்ப் போட்டுக் குடுத்திருக்கலாமே," என்றாள்.

ஒரு தாழ்ப்பாள், நாலு ஸ்க்ரூ. என் மேசையின் இழுப்பறை லாச்சியில் அப்போதும் இரண்டு மூன்று கிடந்தன. பசறை பஸ்ஸில் ஏறியிருந்தால் பின்னேரத்துக்குள் முடித்துவிட்டு வந்திருக்கலாம். கொழுந்தனை அது தடுத்திருக்குமா, எனக்குத் தெரியாது. கதவு உடைந்திருக்கிறது என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னார், நான் துவக்கை வாங்கி ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த லாச்சியை இப்போதெல்லாம் திறக்கவே எனக்குப் பிடிப்பதில்லை. என் கடை இன்றும் திறந்திருக்கிறதென்றால், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் தூங்கிய ஒரு பெண் என்னைக் காட்டிக்கொடுக்காததால்தான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவர் நின்ற அந்தப் படியைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.