சோத்துக் கை

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் விழுந்த கை வேலைக்குப் பழகும் என்றாள் பிசியோதெரபி பெண். சாப்பாட்டு வேளையில் அவருடைய இடது கையை அவர் துண்டாலேயே இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். எத்தனை துவைத்தும் போகாத தக்காளிச் செடி வாசனை அதில் அடித்தது.

இதே வாசனையோடு ஒரு காலத்தில் என் இடது கையும் கட்டப்பட்டிருக்கிறது. சிறு வயதில் களியை அந்தக் கையால்தான் எடுப்பேன்.

"பொட்டப்புள்ள பீச்சாங்கையில தின்னா போற வூட்ல என்ன சொல்லுவாங்க? கட்டு அத" என்று அப்பா துண்டை அம்மாவிடம் வீசுவார்.

அம்மா கட்டுவாள். அவர் மோட்டார் போடக் கிணற்றுக்குப் போனதும் நான் கையை உருவிக்கொள்வேன். முடிச்சு அவ்வளவு தளர்வாக இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டால், விரலில் ஒட்டிய களியோடு கை மறுபடி துண்டுக்குள் போய்விடும். அவர் ஒருநாளும் முடிச்சைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவரை ஏமாற்றிவிட்டதாகவே அம்மா சாகும்வரை நம்பினாள்.

இப்போது அப்பாவின் வலது கை, களியோடு பாதி தூரம் வந்து தட்டிலேயே விழுந்தது. துண்டுக்குள் இடது கை நெளிந்தது.

"ஏம்மா, உங்கம்மா உனக்குக் கட்டுவாளே, அந்த மாதிரி லூசா கட்டக் கூடாதா?" என்றார்.