மண்வெட்டியோடு வந்த ஆட்டக்காரர்கள்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் கிராமம். என் கணவர் அங்கே பல வருடம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அந்தத் தை மாதம்தான் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் இருந்தபோது அவருடைய ஊர் வேலைகளைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். கோடையில் ஏரி வற்றியதும் ஏரி உள்வாயில் கோடு கிழித்து, சுற்று வட்டாரக் குழுக்களை எல்லாம் கூப்பிட்டுச் சடுகுடுப் போட்டி நடத்துவார். கலந்துகொள்ளக் காசு கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு குழுவும் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயில் ஒரு கயிறு நீளத்துக்குத் தூர் எடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தில் இறங்க வேண்டும். அது என்ன கயிறு என்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு! அதை அவிழ்த்துக்கொண்டு போய்த்தான் அளப்பார். அன்று முழுக்க நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நடக்க வேண்டும்.

ஒரு வருடம் கயிற்றை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மனிதர் அசரவில்லை. வேட்டியை அவிழ்த்து அதனால் அளந்து முடித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு வீடு வந்தார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு நான் ஒளித்து வைக்கவில்லை.

அந்தக் கால்வாய் மேலூர் ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலிலிருந்து வருகிறது. மண் மேடிட்டு, வேலிக்காத்தான் முள் முளைத்து, இருந்த இடமே தெரியாமல் கிடந்ததை வருடத்துக்குக் கொஞ்சமாக அவர் மீட்டுக்கொண்டு வந்தார். கடைசிப் பொங்கலன்றுகூட, "இன்னும் ஒம்போது கயிறுதான் பாக்கி. வர்ற மழைக்கு ஏரி கோடி போவும் பாரு" என்றார். ஏரி நிரம்பி வழிவதைத்தான் எங்கள் பக்கம் கோடி போவது என்போம். எங்கள் ஏரி கோடி போய்ப் பல காலம் ஆகியிருந்தது. நான் வழக்கம்போல், "மொதல்ல வூட்டுக் கூர ஓட்ட மாத்து, அப்பறம் ஏரிய ரொப்பலாம்" என்றேன். அதற்குப் பத்தாம் நாள் அவர் இல்லை.

அவர் பெயரில் அந்த வருடமும் போட்டி நடத்த வேண்டும் என்று ஊர்ப் பையன்கள் வந்து கேட்டார்கள். எங்கள் மூத்த மகன்தான் ஊர்க் குழுவுக்குத் தலைவன். எனக்கும் ஆசைதான். ஆனால் புத்தி வேறு மாதிரி ஓடியது. தலைவர் வீடு நொடித்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பந்தல், மேளம், வெள்ளிக் கோப்பை, எல்லாருக்கும் இலை போட்டுச் சாப்பாடு என்று திட்டம் போட்டேன். செத்தவருக்கு மரியாதை செய்ய வருகிறவர்களை மண் அள்ளு என்று சொல்வது அவமானம் என்று தோன்றியது. நோட்டீஸில் வழக்கமாக வரும் 'ஒரு கயிறு வேலை' என்ற வரியை எடுத்துவிடச் சொன்னேன். "அப்பா ஒத்துக்கினு இருப்பாரா?" என்று மகன் கேட்டான். அப்பாவோடு குடித்தனம் நடத்தியவள் நான், எனக்குத் தெரியும் என்று அவன் வாயை அடைத்தேன்.

போட்டியன்று விடிந்தும் விடியாததுமாக வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். போய்ப் பார்த்தால் பத்துப் பேர். ஐயங்கார்குளம் பக்கத்திலிருந்து வருகிறார்களாம். முதல் கோழி கூவும்போதே கிளம்பி, அவ்வளவு தூரமும் மிதித்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சைக்கிள் பாரிலும் மண்வெட்டி கட்டியிருந்தது. பின்னால் கூடைகள். அவர்கள் குழுத் தலைவர் முப்பது வயதுக்காரர். என்னைக் கும்பிட்டுவிட்டு, "கயிறு குடும்மா, வெய்யிலுக்கு முன்ன வேலைய முடிச்சிட்றோம்" என்றார்.

இந்த வருடம் அந்த வேலை இல்லை, நோட்டீஸைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தோம். அச்சாபீஸ்காரன் அந்த வரிய வுட்டுட்டான்னு நெனச்சிக்கினோம்" என்றார்.

உங்கள் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வராத கால்வாய்க்கு நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்து பாடுபட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் பெருமழையில் அவர்கள் ஊர் ஏரிக்கரை உடையப் பார்த்ததாம். சேதி கேட்டு என் கணவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் அவர்களோடு நின்று மணல் மூட்டை அடுக்கினாராம்.

அந்த இரண்டு நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எங்கேயோ ஆட்டம் பார்க்கப் போய் நனைந்து வந்திருக்கிறார் என்று நினைத்து, தலை துவட்டத் துண்டுகூடக் கொடுக்காமல் நான் வைதேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்; கூடப் போன பிள்ளைகளும் என் காதில் போடவில்லை. அதை நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் இன்னும் நாலைந்து குழுக்கள் வந்துவிட்டன. எல்லார் கையிலும் மண்வெட்டி. நான் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க்கு நடந்தேன். கணவர் போய் ஆறு மாதம்கூட ஆகாத பெண் அப்படித் தெருவில் நடப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. நல்ல காரியத்துக்கு எதிரே வந்தாலே முகம் சுளிப்பார்கள்.

கால்வாயில் பங்காளிகளில் மூத்தவர், என் கணவரின் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை, நின்றிருந்தார். தம்பி மனைவியோடு நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. என் மகனைப் பார்த்து, "உங்கம்மாவ உள்ள போச் சொல்லு. வருசம் திரும்பல. அது தொட்டு ஆரம்பிச்சா வெளங்குமா?" என்றார்.

கயிறு தோளில் கனத்தது. சைக்கிளில் வந்த அந்தக் குழுத் தலைவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரையில் குந்தினார். "அந்தம்மா அளந்து குடுத்தா வேல. இல்லன்னா நாங்க இங்கியே குந்திக்கினு இருப்போம்" என்றார். மற்ற குழுக்களும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. எங்கள் ஊர்க் குழுவில் காலனிப் பையன்கள் மூன்று பேர் உண்டு. எங்கள் பக்கம் முதலில் உட்கார்ந்தது அவர்கள்தான். பிறகு என் மகன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. மூத்தாரின் முகத்தை அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தேன். "கயிறு என் வூட்டுக் கெணத்துது. நான்தான் புடிப்பேன்" என்றேன். ஒரு நுனியை மகன் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியோடு கால்வாயில் இறங்கினேன்.

ஒன்பது கயிறு அளந்தேன். வந்ததோ பதினோரு குழு! கடைசியாக வந்த இரண்டு குழுவும் தங்களுக்கு இடமில்லை என்று சண்டைக்கு வந்தன. மண் அள்ளக் கிடைக்கவில்லை என்று மனிதர்கள் கோபித்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர்களுக்கு வேலிக்காத்தான் வெட்டுகிற வேலை கொடுத்துச் சமாதானம் செய்தோம். சமையலுக்கு வந்த பெண்கள் பாதிப் பேர் கரண்டியை வைத்துவிட்டுக் கூடை எடுத்தார்கள். மேளக்காரர்களைக் கால்வாய்க் கரைக்கே வரச் சொல்லிவிட்டேன். உச்சி வெயில் ஏறும்போது மேலூர்க் கலங்கலில் கடைசிக் கூடை மண் வெளியே போனது. என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. அன்று நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

சாப்பாடு முடிந்து, வெயில் தாழ ஆட்டம் ஆரம்பித்தது. இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் சைக்கிள் குழுவும். கடைசியாகச் சடுகுடு பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போன என் மகனை நாலு பேராக அமுக்கிவிட்டார்கள். தோற்றோம். அந்த வெள்ளிக் கோப்பையை நான்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். வாங்கிய கையிலும் கொப்புளம், கொடுத்த கையிலும் கொப்புளம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேலூர் ஏரி வழிந்து, அந்தத் தண்ணீர் கால்வாயில் நுரைத்துக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் காலை வாசலில் கூட்டம். எங்கள் ஏரி கோடி போகிறது! முதல் கற்பூரம் ஏற்றுவது பங்காளிகளில் மூத்தவரின் உரிமை. அந்த மூத்தார் தட்டில் தேங்காயும் கற்பூரமும் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். அப்போதும் என்னிடம் பேசவில்லை. மகனிடம்தான் சொன்னார்.

"உங்கம்மாவ வரச் சொல்லு. அது ஏத்தட்டும்."

முழங்கால் நனைய நின்று, வழிகிற தண்ணீருக்குக் கற்பூரம் காட்டினேன். 'பாத்தியா, ஓட்ட மாத்தச் சொன்னியே' என்று அவர் பக்கத்தில் நின்று சிரிப்பது போலவே இருந்தது. அழவில்லை. நானும் சிரித்தேன்.

அவருக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று கிளம்பி, அவர் தொடங்கிய வேலையையே நிறுத்தப் பார்த்தவள் நான்; அதனால்தான் இன்றைக்கும் யாராவது காலமான பெரியவர் பெயரில் விழா என்று என் வீட்டு வாசலுக்கு வந்தால், பந்தல் எவ்வளவு பெரியது என்று கேட்பதில்லை, வருகிறவர்களை மண்வெட்டி கொண்டுவரச் சொன்னீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.