அம்மா கேட்ட கேள்வி: ஆளுன்னா யாரு?

வேலூர் தொழிலாளர் அலுவலகத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கும் மில்லின் கூலி ஒப்பந்தம் கையெழுத்தான அன்று, அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். தொழிலாளர் அலுவலர், மில் முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, சங்கச் செயலாளர் திரு. தணிகாசலம், கமிட்டி ஆட்கள் இருவர், அவர்களோடு எங்கள் அப்பா. இல்லாதவர்கள், அந்த மில்லில் பருப்புப் பொறுக்கிய பெண்கள் ஐம்பது பேர். ஐம்பதில் ஒருவரையும் அன்று பஸ் ஏற்றவில்லை. அந்த ஐம்பது பேரில் ஒருவர்தான், இன்று யாருடைய முதலாம் ஆண்டு நினைவுக்காக நாம் கூடியிருக்கிறோமோ, அந்த எங்கள் அம்மா.

பிறந்த ஊரிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா இருந்திருந்தால், "அதெல்லாம் அப்பறம். மொதல்ல அங்க யார் யார் இருந்தாங்கன்னு எழுது" என்றுதான் சொல்லியிருப்பார். எங்கே என்ன நடந்தது என்று யார் வந்து சொன்னாலும் அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

அம்மா கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பதினாறு வயதில் திருமணமாகி, மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவோடு திருவண்ணாமலைக்கு வந்து, அவலூர்பேட்டை ரோட்டில் ஓர் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கினார். நான் பிறந்தேன். அடுத்துத் தங்கை. தங்கை நடக்கத் தொடங்கும் முன்பே அம்மாவும் அதே மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மெஷினில் மல்லாட்டை கொட்டுவது, சாக்குத் தைப்பது, லாரி ஏற்றுவது ஆண்கள் வேலை. உடைத்துவந்த பருப்பைப் புடைத்து, சொத்தையும் கல்லும் பொறுக்குவது பெண்கள் வேலை. காலை எட்டு மணிக்கு மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். அந்தத் தூசுதான் கடைசியில் அம்மாவின் மூச்சை எடுத்தது என்று நான் நினைக்கிறேன். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா யாரையும் எளிதில் நம்பமாட்டார். உறவினர்களில் சிலருக்கு அதனால் மனவருத்தம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் வாங்கப் போனால், ஊற்றும் முன் அளவுப் படியை வாங்கி அடியைத் தடவிப் பார்ப்பார். எங்கள் வம்சத்தில் முதல் ஆளாக நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது, மதிப்பெண் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே தையல்கடைக்குப் போனார். "பாய், இவன் பாஸுன்றான். நீங்க ஒருவாட்டி பாருங்க." பாய் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குச் சர்க்கரை கிடைத்தது. தங்கைக்கு வரன் வந்தபோது, பையனுக்குச் செங்கத்தில் கடை வேலை என்றார்கள். அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய், எதிர்ச் சாரியில் ஒரு பகல் முழுக்க நின்று, அவர் உண்மையிலேயே வேலைக்கு வருகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தார். மாப்பிள்ளைக்கு இது இந்த நினைவு மலரைப் படித்துத்தான் தெரியப் போகிறது. மன்னிக்கவும்.

நெருக்கடி நிலை முடிந்து ஓரிரு வருடங்களில் மில்லில் சங்கம் வைத்தார்கள். மாதச் சந்தா நாலணா, அதாவது இருபத்தைந்து பைசா. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சந்தா. அப்போதே அம்மா தணிகாசலம் அவர்களிடம் கேட்டாராம்: "ஏண்ணா, கூலியில பாதி, சந்தாவுல மட்டும் முழுசா?"

"சங்கத்துல எல்லாரும் சமம் யக்கா."

"சரி. பாக்கலாம்."

நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் கூலி உயர்வு கேட்டுக் கார்த்திகை மாதத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பத்தொன்பது நாள். மில் கேட்டுக்கு எதிரே கஞ்சித் தொட்டி வைத்தார்கள். தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வந்திருந்தது. பெண்கள் தேரடித் தெருவில் மல்லாட்டை வேகவைத்து விற்று, வந்த பணத்தைக் கஞ்சித் தொட்டிக்குக் கொடுத்தார்கள். கேட்டில் உட்கார்ந்தவர்களிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். அதனால்தான் நான் முதலில் எழுதிய அந்த அறையில் அவர்கள் இல்லாதது அம்மாவுக்கு உறுத்தியது.

கையெழுத்துப் போட்டுவிட்டு நால்வரும் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ் நிலையத்தில் மாலை போட்டோம். தணிகாசலம் அவர்கள் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, "ஆளுக்கு ஒண்ணேகா ரூபா! கேட்டது அப்படியே கெடச்சிது!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டாமல் நின்ற அம்மா, "ஆளுன்னா யாரு?" என்று கேட்டார்.

"இன்னா யக்கா கேள்வி இது? ஆளுன்னா ஆளுதான்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். "ஊட்டுக்காரருக்கு மால போட்ட சந்தோசத்துல யக்காவுக்கு ஒண்ணும் புரியல!" என்றார் இன்னொருவர். அப்பாவும் சிரித்தார். அதை அம்மா பார்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கூலி போட்டபோது ஆண்களுக்கு உயர்வு வந்தது. பெண்களுக்குப் பழைய கூலி. அம்மாவின் பக்கத்து இடத்தில் உட்காரும் குப்பம்மாள் அத்தை கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சத்தம் போட்டார். அவர் பதற்றமே இல்லாமல் ஒப்பந்த நகலை நீட்டினார். "ஆள் ஒன்றுக்குன்னுதான் இருக்குது. பெண்டாள்னு எங்கனா இருக்குதா? காட்டு. குடுத்துட்றேன்."

அந்த மில்லின் வருகைப் பதிவேட்டில் இரண்டு தலைப்புகள். ஆண்கள் ‘ஆள்’. பெண்கள் ‘பெண்டாள்’. உலகத்துக்கு எப்படியோ, அந்தச் சுவருக்குள் ‘ஆள்’ என்றால் ஆண் மட்டும்தான்.

அன்று நகலை வீட்டிற்கு வாங்கி வந்து என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் கல்லூரியில் சேர்ந்திருந்த வருடம் அது. இரண்டு முறை படித்தேன். அம்மா வழக்கம்போல் அதைத் தையல்கடை பாயிடமும் கொண்டுபோய்ப் படிக்க வைத்துக் கேட்டுவிட்டு வந்து, அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"தெரியாம வுட்டீங்களா, தெரிஞ்சி வுட்டீங்களா?"

"எனக்கு இன்னாம்மே தெரியும்? படிச்சவனா நானு? ஆளுன்னா எல்லாரும்னு நெனச்சோம்."

"படிக்கத் தெரியாது, சரி. காது கேக்கும் இல்ல? டெய்லி காலையில கணக்குப்பிள்ள இன்னான்னு கூப்புட்றாரு? 'ஆளெல்லாம் உள்ள போ, பெண்டாள் நில்லு'ன்னு. பதினஞ்சி வருசமா நீங்க உள்ள போறீங்க, நா நிக்கிறேன். ஆளுன்னா யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அம்மா சோறு போட்டார், துணி துவைத்தார், ஆனால் அப்பா சொன்ன எதையும் இன்னொருவரிடம் விசாரிக்காமல் ஏற்கவில்லை. மழை வருகிறது என்று அப்பா சொன்னால்கூட எழுந்துபோய் வானத்தைப் பார்த்தார். நானும் அப்பாவைச் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவருடைய சட்டைப் பையைக்கூட ஒரு நாள் துழாவிப் பார்த்தேன். பீடிக்கட்டுதான் இருந்தது.

சந்தா தர மாட்டோம் என்று பெண்கள் சொன்னார்கள். அம்மா தடுத்துவிட்டார். "குடுத்துனே இருங்க. நிறுத்தினா, நீ யாரு கேக்கறதுக்குன்னுவாங்க." பிறகு குப்பம்மாள் அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு போளூர் வழியாக வேலூருக்குப் போனார். தொழிலாளர் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். "முதலாளியும் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ஒப்பந்தத்தைத் திருத்தலாம்மா. நீங்க தனியா வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. சங்கத்துல நீங்க எத்தனை பேர்?"

"அம்பது."

"ஆம்பிளைங்க?"

"நாப்பது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட வந்தீங்க?"

திரும்பும் பஸ்ஸில் அத்தைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் போளூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்து, "அந்தாளு எதுக்கு நமக்கு நல்லது சொல்றாரு? இதுல இன்னா இருக்கும்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கக் கொட்டகையில் பொதுக்குழு. எப்போதும் பத்துப் பதினைந்து பெண்கள்தான் வருவார்கள். அன்று ஐம்பது பேரும் சந்தா ரசீதோடு வந்து முன்வரிசையிலிருந்து உட்கார்ந்தார்கள். அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ‘ஆள்’ தெரியாமல் வந்ததா, தெரிந்து வந்ததா?

"சத்தியமா தெரியாது யக்கா. அண்ணாமலையார் சாட்சி" என்றார் தணிகாசலம் அவர்கள்.

"அவரு சாட்சிக்கு வரமாட்டாரு. அந்த ரூம்ல இருந்தவங்க சொல்லட்டும்." அப்படிச் சொல்லிவிட்டு அம்மா அப்பா இருந்த பக்கம் திரும்பினார். நாலு பேர் முன்னால் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "ஏங்க. ஒங்களத்தான்."

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தெரியும்."

அப்பா தொடர்ந்தார். "நாலு பேருக்கும் தெரியும். மொதலாளி, ஒரு நாளைக்கி அம்பது ரூபா, அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது, எப்டி வேணா பிரிச்சிக்கோன்ட்டாரு. எல்லாருக்கும்னா ஆம்பளைக்கி ஒரு ரூபா, பொம்பளைக்கி இருவது பைசா. நாங்க ஒண்ணேகான்னு சொல்லிட்டு வந்தவங்க. ஒரு ரூபாயோட போனா கேட்ல செருப்பு வுழும்னு பயந்தோம். கணக்குப்பிள்ளதான், ‘ஆள்’னு போட்டுட்டா யாரும் கேக்கமாட்டாங்கன்னாரு. நாங்க சும்மா இருந்துட்டோம்."

"பொண்டாட்டிக்குப் பயந்து எங்க ஒண்ணேகால்ல நாலணாவ வுட்டுட்டியேடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். குப்பம்மாள் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது எங்க நாலணா, ஒக்காரு" என்றார்.

அன்றே கமிட்டிக்கு அம்மாவையும் அத்தையையும் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளி ஒரு பைசாவும் கூட்டவில்லை. அவருக்கு எப்படிப் பிரித்தாலும் அதே ஐம்பது ரூபாய்தான். அதனால் திருத்தம் போட அவர் மறுக்கவும் இல்லை. ஆண்களின் உயர்வு ஒரு ரூபாயாகக் குறைந்தது. பெண்களுக்கு இருபது பைசா எழுதப்பட்டது. வேலூரில் அம்மா கைநாட்டு வைக்கும் முன் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். "ஆள் ஒன்றுக்கும் பெண்டாள் ஒன்றுக்கும்" என்று வந்த இடத்தில் நிறுத்தி, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "இதுவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

ஆனாலும் அம்மாவின் சந்தேகம் தீரவில்லை. அப்பா மனசு வந்து சொன்னாரா, கமிட்டி ஆட்களில் ஒருவர் எப்படியும் சொல்லிவிடுவார் என்று முந்திக்கொண்டாரா? பல வருடங்கள் கழித்து, போன வருடம் அரசு மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதும் அதையே கேட்டார். "அன்னிக்கி ஏன் எந்திரிச்சீங்க?"

"நீ கூப்ட்ட. எந்திரிச்சேன்" என்றார் அப்பா.

அம்மா கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. நா சிரிச்சதயும் எழுது" என்றார். தணிகாசலம் அவர்களிடமும் படித்துக் காட்டினேன். "எழுதுப்பா, ஆனா அந்தச் சத்தியம் பண்ணத மட்டும் எடுத்துடு" என்றார். எடுக்கவில்லை. ஆயினும், அம்மாவைத் தூக்கிச் சென்றவர்களில் முதல் தோள் அவருடையது என்பதையும், பந்தல் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார் என்பதையும் நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன். மருத்துவமனையில் முறை வைத்துக் கூட இருந்த குப்பம்மாள் அத்தைக்கும், அம்மாவோடு பருப்புப் பொறுக்கிய மற்ற நாற்பத்தெட்டுப் பேருக்கும், அம்மா நம்பிய ஒரே படிப்பாளியான தையல்கடை பாய்க்கும், இறுதி நாளில் வந்து நின்ற உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திருத்திய ஒப்பந்தப்படி கூலி வாங்கிய முதல் சனிக்கிழமை, அம்மா என்னை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். அப்பாவுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து பைசா போயிற்று. அம்மாவுக்கு இருபது பைசா வந்தது. விடையைச் சொல்லத் தயங்கினேன். "இன்னும் ஒருவாட்டி போடு" என்றார். போட்டேன். மாறவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். "தெரியும். சொல்லு" என்றார் அம்மா.

எங்கள் வீட்டிற்கு அது வைத்த செலவு, நாளொன்றுக்கு ஐந்து பைசா.