கீழ் அறையில் ஒரு மரச்சீப்பு

கந்தப்போடியின் கடைசி மகள் தங்கேஸ்வரி களுவாஞ்சிக்குடியில் பிறந்து, வீரக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டு, கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் வீடு வாங்கினவள். கனடாவுக்கு வந்தும் தலைவாரும்போது உதிர்ந்த முடியைக் குப்பையில் போடமாட்டாள். உருட்டி அடுப்பில் எரித்துவிடுவாள். செய்வினை செய்கிறவன் கையில் அது அகப்பட்டுவிடக் கூடாதென்று அவள் தாய்வழியில் எல்லாருக்கும் பயம்.

வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தவன் பூர்ணமான். நேபாளத்து நேவார்ச் சாதிக்காரன், தனியாள், உணவகத்தில் வேலை. ஒருநாள் உடுப்புத் தோய்க்க இறங்கிய தங்கேஸ்வரி, நீக்கலாகத் திறந்து கிடந்த கதவுக்குள்ளே சிவப்புத் துணியில் பெண்கள் வாரும் மரச்சீப்பையும், பக்கத்தில் நீளக் கறுப்பு முடிக் கற்றையையும் கண்டாள். மகள் புனிதவதிக்குப் பேசின கலியாணம் அந்த மாதந்தான் குழம்பியிருந்தது. அவள் நேரே மேலே ஏறிப் புருசனிடம் போனாள்.

“இஞ்ச, அவன் நம்மட புள்ளையிர முடிய வச்சிருக்கான். இண்டைக்கே வீட்டால எழுப்பி விடுங்க.”

“தங்கேசு, உனக்கு ஆரிலதான் சந்தேகமில்ல? நான் உன்ர புருசன், என்னையும் ஒருக்காச் சோதிச்சுப் பாரன்,” என்றான் வீரக்குட்டி. ஆனாலும் அவளோடு இறங்கினான். ஆங்கிலம் பேச மகளும் வந்தாள்.

பூர்ணமான் தலை குனிந்துகொண்டு சொன்னதை மகள் தமிழாக்கினாள். “அவருக்குக் கலியாணமாம், அம்மா. பொம்பிள வாறாவாம். அவங்கட ஆக்களில மாப்பிள்ளதான் சபையில பொம்பிளைக்குத் தல வாரோணுமாம். சீப்பு தாய் அனுப்பினதாம். மற்றது முடியில்லையாம், வாரிப் பழக வாங்கின நூலாம்.”

“நல்ல கத,” என்றாள் தங்கேஸ்வரி. ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினாள். முடியென்றால் பொசுங்கி நாறும். அது உருகிக் குமிழாகச் சொட்டியது. நைலோன்.

அப்படியும் அவள் விடவில்லை. “பொம்பிள வரட்டும். நான் பாத்திட்டுத்தான் சொல்லுவன், இருக்கிறதோ போறதோ எண்டு.”

பொம்பிளை வந்தாள். கீழே நாலைந்து பேர் முன்னால் பூர்ணமான் அவளுக்குத் தலை வாரினான். தங்கேஸ்வரி படியில் நின்று பொம்பிளையின் முகத்தையே பார்த்தாள். சிக்கில் சீப்பு மாட்டியதும் அந்தப் பெண் தங்கள் பாஷையில் அவனை வெடுக்கென்று ஏசி, பிறகு தானே சிரித்து, தலையை இன்னும் கிட்டக் கொடுத்தாள்.

தங்கேஸ்வரி மேலே ஏறி வந்தாள்.

“இருக்கட்டும்,” என்றாள் புருசனிடம். “ஆனா கதவைச் சாத்திக்கொண்டு தல வாரச் சொல்லுங்க.”